ஒரு பாய்லரும் மூன்று முதலாளிகளும்

மனித குலம் இதுவரை கண்ட ஆட்சிமுறைகளில் குறையே இல்லாதது நான்கு வளைய ஆட்சிமுறை என்று வேலாயுத வடிவேலன் பின்னலாடைக் குழுமத்தின் வெள்ளிவிழா மலர் சொல்கிறது. சேர்மன் சாமியப்பன் கைகூப்பி நிற்கும் படத்துக்குக் கீழே, தங்க எழுத்தில், முதல் பக்கத்திலேயே சொல்கிறது. சேவூர் ரோட்டில் இருக்கும் கம்பெனியின் தரையில் அந்த நான்கு வளையங்களையும் மஞ்சள் பெயிண்டில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். கக்கூஸ் கதவுகளுக்கு அடித்ததில் மிச்சமான பெயிண்ட். மூன்றாம் வளையம் பாதி வந்தபோது தீர்ந்துவிட்டதால், பாய்லர் முற்றத்தின் பக்கம் மட்டும் அது பச்சையாக இருக்கும்.

வளையம் வருவதற்கு முன்னால் அந்த முற்றம் குருசாமியுடையது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வந்தவர், சாயப்பட்டறையின் பொறுப்பாளர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நீராவி. பாய்லரிலிருந்து கிளம்பும் பெரிய குழாயில் ஒரு மெயின் வால்வு, அதன் தலையில் கார் ஸ்டியரிங் அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம். துணியைச் சாயத்தில் வேகவைக்கும் கொப்பரையான வெசலுக்குள் துணி முறுக்கிக்கொண்டு சிக்கினால் ஓர் ஆள் உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். வெசலுக்கென்று தனி வால்வு உண்டு. அது தேய்ந்துபோய், மூடினாலும் நம்ப முடியாத நிலையில் ஆறு வருடமாக இருந்தது. அதனால் ஆள் இறங்கும் முன் குருசாமி முற்றத்துக்குப் போவார். மெயின் சக்கரத்தை இறுக மூடுவார். தோளில் கிடக்கும் துண்டை அதன்மேல் போட்டு ஒரு முடிச்சுப் போடுவார். சக்கரத்தில் துண்டு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். சேர்மனே வந்தாலும் தொடமாட்டார். இறங்கினவன் வெளியே வந்து, முகம் கழுவி, டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் துண்டு தோளுக்குத் திரும்பும். அத்தனை வருடத்தில் யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. இந்த முறைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் ஆடிட்டில் அதற்கு மார்க் கிடையாது.

சேர்மனுக்கு இரண்டு மகன்கள், ஒரு மாப்பிள்ளை. மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு கம்பெனி வேண்டும். மூன்று பேரும் மற்ற இருவருக்குக் கீழே இருக்க மாட்டார்கள். ஆனால் கட்டடம் ஒன்று, பாய்லர் ஒன்று, சர்வர் ஒன்று. இந்த நெருக்கடியில்தான் பெங்களூரிலிருந்து ஆலோசகர் இளங்குமரன் வந்தார். அந்தப் பேச்சு நடந்தபோது குருசாமியும் அறையில் இருந்தார். பாய்லர் சர்டிபிகேட் ஃபைலைக் கொடுக்க வந்தவரை யாரும் போகச் சொல்லாததால், கையில் ஃபைலோடு சுவரோரம் நின்றார்.

"சிப்புக்குள்ள நாலு வளையம் இருக்குதுங்க சார்" என்றார் இளங்குமரன். "பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு. பூஜ்யத்துல இருக்கறதுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. மெசின்ல எதை வேணும்னாலும் நேராத் தொடலாம். மூணுல இருக்கறதெல்லாம் சாதாரண புரோகிராம். எதுன்னாலும் மேல கேட்டுத்தான் செய்யோணும். இந்த விண்டோஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டமெல்லாம் பூஜ்யத்துலயே உக்காந்து பழகினதுங்க."

"நம்மளாட்ட" என்றார் சேர்மன்.

"ஆமாங்க. இப்ப ஒரே மெசின்ல அந்த மாதிரி மூணு ஓட்டோணும்னா, மூணுமே பூஜ்யத்துல உக்காரப் பாக்கும். அதனால மூணையும் ஒண்ணாம் வளையத்துல உக்கார வெச்சுட்டு, நீ பூஜ்யத்துல இருக்கறேன்னு நம்ப வெச்சுருவோமுங்க. நெஜமான பூஜ்யத்துல ஹைப்பர்வைசர்னு ஒண்ணு உக்காந்திருக்கும். கீழ இருக்கறது அதிகாரமா ஒரு உத்தரவு போட்டா, அதை இது பாதியில புடிச்சுக்கும். சரின்னு பட்டாச் செய்யும். இல்லீன்னா, செஞ்ச மாதிரியே காட்டித் திருப்பி அனுப்பிரும்."

சேர்மன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணும் தான்தான் மொதலாளின்னு நெனச்சுக்குமா?"

"ஆமாங்க."

"கடைசி வரைக்கும்?"

"ஒழுங்காச் செஞ்சா கடைசி வரைக்கும் தெரியாதுங்க."

சேர்மன் எழுந்து வந்து இளங்குமரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, என்ற மூத்த பையனுக்குக் கண்ணாலம் பண்ணுன நாள்லருந்து நான் இதத்தானுங்க தேடிட்டிருக்கறேன்" என்றார்.

சர்வருக்குள் வைத்தால் மட்டும் போதாது, கம்பெனியையே அப்படிக் கட்ட வேண்டும் என்று அவர் அங்கேயே முடிவுசெய்தார். பூஜ்யத்தில் தான். ஒன்றில் மூன்று டைரக்டர்கள். மூன்றில் மற்ற எழுநூறு பேர். "ரெண்டுல யாருங்க?" என்று கேட்டார்.

"ரெண்டாம் வளையத்தை உலகத்துல யாரும் பெருசா உபயோகப்படுத்தறதில்லீங்க சார். சும்மாதான் கெடக்குது."

"இருந்தாலும் கட்டீருவோம்."

இளங்குமரன் நேர்மையான மனிதர். எழுந்து போகும்போது, "ஒரு தகவலுக்குச் சொல்றேனுங்க. இப்ப வர்ற சிப்புகள்ல பூஜ்யத்துக்கும் அடியில ஒரு நெலை வந்திருக்குது" என்றார்.

"பூஜ்யத்துக்கு அடியில என்னுங்க இருக்கப் போகுது!" என்று சேர்மன் சிரித்தார். சேர்மன் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற குருசாமியும் சிரித்தார்.

ஒரே மாதத்தில் எல்லாம் ஆயிற்று. யூனிட் ஒன்று மூத்த மகனுக்கு, மூன்று இளையவருக்கு, இரண்டு மாப்பிள்ளை மயில்சாமிக்கு. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு திரை. ஒவ்வொரு திரையிலும் ஒரு பாய்லர். துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்து கம்பெனியில் எத்தனை பாய்லர் என்று கேட்டபோது மூன்று டைரக்டர்களும் தங்கள் தங்கள் பாய்லரைத் திரையில் காட்டினார்கள். அவர் மூன்று என்று எழுதிக்கொண்டு, மூன்றுக்கும் சேர்த்து ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பினார். முற்றத்தில் நின்ற ஒரே பாய்லர் வழக்கம்போலப் புகை விட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் வளையத்துக்கு ஏசி அறை கட்டி, சோபா போட்டு, குடிதண்ணீர் மெசின் வைத்து, ரிப்பன் வெட்டினார்கள். அந்த வளையத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். யாரும் அதைச் சேர்ந்தவர்கள் இல்லை. கூட்டுகிறவள் மூன்றாம் வளையம் என்பதால் அவளும் போக முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபாமேல் தூசி ஏறுவதை எல்லோரும் மரியாதையோடு பார்த்தார்கள்.

குருசாமியின் தங்கச்சி அபிராமி செக்கிங் பிரிவில் வேலை. அவள் புருசன் தவசி, குருசாமியிடமே சாயப்பட்டறையில் ஹெல்பர். வளைய எண் போட்ட பேட்ஜ் கொடுத்த அன்று மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்துகொண்டே அபிராமி கேட்டாள்: "அண்ணே, ஒனக்கு எத்தனாவது வட்டம்?"

"மூணு."

"எனக்கும் மூணுதான். இருவத்திரெண்டு வருசமா இங்க இருந்து என்னத்தக் கிழிச்ச?"

"மச்சானச் சும்மா சொல்லாத" என்றான் தவசி. "அவுகளுக்குத்தான் மாப்பிள்ளைத் தொரையோட நாற்காலியையே குடுத்திருக்காகள்ல."

அது உண்மை. மயில்சாமி அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார், கம்பெனிக்கு வருவதில்லை. அவர் பெயரில் யூனிட் இரண்டின் திரையை இயக்கும் பொறுப்பு குருசாமிக்கு வந்தது. நியமன உத்தரவில், 'டைரக்டரின் வலது ஆட்காட்டி விரல்' என்று பதவி போட்டிருந்தது.

யூனிட் இரண்டின் கடிகாரம் மட்டும் பின்தங்கியது. சர்வர் மற்ற இரண்டு யூனிட்டையும் கவனிக்கும் நேரத்தில் இந்த யூனிட்டின் நேரம் அப்படியே நின்றுவிடும் என்றார்கள். காலையில் சரியாக இருக்கும்; சாப்பாட்டு மணிக்குள் பதினோரு நிமிடம் பிந்திவிடும். கேன்டீன் பொது. யூனிட் இரண்டு போய்ச் சேரும்போது ரசம் மட்டும் இருக்கும். குருசாமி மனு எழுதினார். ஹெச்ஆர் மேனேஜர் யாழினி அழைத்து, பொறுமையாகச் சொன்னார்: "யூனிட் டூவுக்குள்ள இருந்து பாத்தா டைம் கரெக்டாத்தானுங்க இருக்குது. நீங்க ஏன் வெளிய இருந்து பாக்கறீங்க?"

ஆரம்பத்தில் திரைகள் ஒரு நேரான பழக்கத்தோடுதான் வந்தன. டைரக்டர் போட்ட உத்தரவை ஹைப்பர்வைசர் மறுத்தால், சிவப்பில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். மயில்சாமி ஒரே ஒருநாள் கம்பெனிக்கு வந்தார். முற்றத்து விளக்கை அணைக்கச் சொல்லித் திரையில் அழுத்தினார். அனுமதி மறுக்கப்பட்டது. எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் சேர்மனின் மகள், "எங்க ஊட்டுக்காரரைப் பொட்டி வெச்சு அவமானப்படுத்தீட்டீங்கப்பா" என்று அழுதுகொண்டு வந்து நின்றாள்.

சேர்மன் இளங்குமரனைக் கூப்பிட்டார். "தம்பி, நம்ம பக்கத்துல மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. பொண்ணு குடுக்க இஷ்டமில்லீன்னாக்கூட ஆகட்டுங்க, பாக்கலாமுங்கன்னு சொல்லிக் காப்பி குடுத்துத்தான் அனுப்புவோம். உங்க மெசினுக்குக் கொஞ்சம் மருவாதி சொல்லிக் குடுங்க."

"சார், மறுத்தா மறுத்தது தெரியோணுமுங்க. இல்லீன்னா..."

"தெரிஞ்சு என்னுங்க பண்றது? மனசுதான் சங்கடப்படும்."

அப்படித்தான் அந்தச் சொல் வந்தது. அதன்பிறகு எந்த உத்தரவு போட்டாலும், மேலே அது நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, திரையில் மஞ்சள் எழுத்தில் 'ஆகட்டுங்க' என்று வரும். பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டும் விழும். மயில்சாமி அன்றைக்கே சாப்பிட்டார். மூன்று டைரக்டர்களும் பூரித்துப்போனார்கள். சேர்மன் அறையிலிருந்த திரைக்கு மட்டும் இது கிடையாது. "பூஜ்யம் யாரையும் கேக்கறதில்லீங்க சார்" என்று இளங்குமரன் விளக்கினார். "அதனால அதுக்கு யாரும் பதில் சொல்றதுமில்லை. நீங்க அழுத்துனா நடக்கும். பதிலே வராது." சேர்மனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பதில் வராத தன் திரையைக் காட்டினார்.

கீழ் வளையங்கள் இரும்பைத் தொடக் கூடாது என்பது அடுத்த விதி. மெயின் வால்வின் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மோட்டாரை வைத்து மூடினார்கள். சக்கரம் சேர்மன் அறைக்குப் போயிற்று. அங்கே ஒரு பீடத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வெள்ளிக்கிழமை தோறும் மாலை போட்டார்கள்.

"அப்ப துண்டை எங்கிட்டுங்க போடறது?" என்று குருசாமி கேட்டார்.

இளங்குமரன் முறையை முழுக்கக் கேட்டுக்கொண்டார். குறிப்பும் எடுத்தார். இரண்டு நாளில் திரையில் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீலத் துண்டின் படம் வந்தது. அதை விரலால் இழுத்து வால்வின்மேல் போடலாம்.

மனசு கேட்காமல் ஒருநாள் குருசாமி மஞ்சள் கோட்டைத் தாண்டிப்போய் பாய்லரின் அழுத்தமானியைப் பார்த்துவிட்டார். சைரன் அலறியது. யூனிட் இரண்டு மொத்தமும் நின்றது. இருநூறு பேர் பார்க்க அவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, யாழினி ஒரு காகிதத்தை வாசித்தார்: "பணியாளர் குருசாமி இன்று ஒரு எக்ஸெப்ஷன் ஆகிவிட்டார். இனி எக்ஸெப்ஷன் ஆகமாட்டேன் என்று உறுதி கூறுகிறார்." குருசாமி உறுதி கூறினார். இன்னொரு தரம் தாண்டினால் வேலை இல்லை; அவர் மட்டுமில்லை, அவர் சொல்லிச் சேர்ந்தவர்களும் இல்லை. அவர் சொல்லிச் சேர்ந்தவர்கள் தவசியும் அபிராமியும்.

ஐப்பசி மழையில் சர்வர் அறைக்குள் தண்ணீர் ஏறியபோது, எல்லாவற்றையும் பெங்களூரில் வாடகைக்கு இருக்கும் பெரிய சர்வர்களுக்கு மாற்றிவிடலாம் என்றார் இளங்குமரன். சேர்மன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டார்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சரியான கடிகாரத்தில் காலை பதினொன்று, யூனிட் இரண்டில் பத்து ஐம்பத்தொன்று. நாலாம் நம்பர் வெசலில் துணி சிக்கியது. நேவி ப்ளூ. தவசி சட்டையைக் கழற்றிவிட்டு வெசல் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"மச்சான், மூடுங்க."

குருசாமி திரையில் மெயின் வால்வை அழுத்தினார். ஆகட்டுங்க. பச்சைப் பொட்டு. நீலத் துண்டை இழுத்து மேலே போட்டார். ஆகட்டுங்க.

அழுத்திய விரலை அவர் உடனே எடுக்கவில்லை. பழைய சக்கரம் கடைசிச் சுற்றில் ஒரு முக்கு முக்கும். அது உள்ளங்கைக்குத் தெரியும். இந்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். மோட்டாரை மூடிய தகரப்பெட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் அழுத்தமானி. இங்கிருந்து முள் தெரியாது. நடுவில் மஞ்சள் கோடு, ஓரிடத்தில் பச்சை. ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

"என்ன மச்சான், ரோசனை பலமா இருக்கு? மூடியாச்சா இல்லியா?"

"மூடியாச்சு மாப்ள" என்றார் குருசாமி.

தவசி இறங்கினான்.

பிற்பாடு கணக்குப் பார்த்தபோது எல்லாம் விளக்கமாகத் தெரிந்தது. யூனிட் ஒன்றும் மூன்றும் அந்த நேரத்தில் ஆவி இழுத்துக்கொண்டிருந்தன. இருக்கிற ஒரே வால்வை மூடினால் அவர்கள் பாய்லர்களும் நின்றுபோகும். எனவே ஹைப்பர்வைசர் யூனிட் இரண்டின் பாய்லரை மட்டும் மூடியது. அந்தப் பாய்லர் திரையில் மட்டும்தான் இருந்தது. முற்றத்துப் பாய்லரின் ஆவி முழு அழுத்தத்தோடு குழாயில் வந்தது. ஆறு வருடமாகத் தேய்ந்திருந்த வெசல் வால்வு, தவசி இறங்கி நாலாவது நிமிடத்தில் விட்டுக்கொடுத்தது.

அவனை மேலே தூக்கியவர்கள் ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர். அவர்கள் கையும் வெந்தது. முதலில் ஏசி அறையில் கிடத்தலாம், தண்ணீர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தவசியின் பேட்ஜ் மூன்றாம் வளையம். கதவு திறக்கவில்லை. கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குருசாமி திரைக்கு ஓடி, கேட்டைத் திறக்க அழுத்தினார். ஆகட்டுங்க.

வாட்ச்மேன் முனீஸ் தன் அறையில் இருந்த திரையைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த கேட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"தொறந்துதான் இருக்குதுங்களே" என்றார்.

ஒடிசாப் பையன்கள் கேட்டைக் கீலோடு தூக்கிக் கழற்றி ரோட்டோரம் சாய்த்தார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தவசி ஆறு நாள் இருந்தான். முதல் இரண்டு நாள் பேசினான். "மச்சான், மூடுனீகள்ல?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டான். "மூடுனேன் மாப்ள" என்று குருசாமி சொன்னார். ஏழாம் நாள் விடியும்போது தவசி போய்விட்டான்.

அபிராமி அழவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அண்ணனை வாசலிலேயே நிறுத்தினாள். "வால்வு மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா? அத மட்டும் சொல்லு."

"தொறந்திருந்திருக்கு, ஆத்தா."

"அப்ப மூடியாச்சுன்னு எதுக்குச் சொன்ன?"

குருசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சேர்மன்கிட்டப் போ. தொறந்துதான் இருந்துச்சுன்னு அவிங்க வாயால சொல்லச் சொல்லி எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் இந்த ஊட்டுப் படி ஏறாத."

தவசி செத்த பதினோராம் நாள் விசாரணை. பூஜ்ய வளைய அறையில் சேர்மன், யாழினி, இளங்குமரன். மூன்றாம் வளையத்து ஆள் உள்ளே வருவதற்காகத் தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் குருசாமியை நிற்கச் சொன்னார்கள். பீடத்தில் சக்கரம் புது மாலையோடு இருந்தது.

சேர்மன் இரண்டு நிமிடம் மௌனம் காத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே ஈரமாக இருந்தது.

"குருசாமி, நம்ம கம்பெனில எழுநூறு பேரும் என்ற பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்னால சோறு திங்க முடியறதில்லை. தவசி படத்தை ரெண்டாம் வளையத்துல மாட்டச் சொல்லியிருக்கறேன். உசுரோட இருக்கறப்ப யாருக்கும் கெடைக்காத எடம் அது."

யாழினி அறிக்கையை வாசித்தார். "யூனிட் டூவோட ரெக்கார்டு தெளிவா இருக்குதுங்க. பத்து ஐம்பத்தொண்ணுக்கு மெயின் வால்வு மூடப்பட்டது. பத்து ஐம்பத்தொண்ணரைக்கு பாதுகாப்புத் துண்டு போடப்பட்டது. நீங்க முறைப்படி எல்லாம் சரியாச் செஞ்சிருக்கீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. வால்வு மூடியிருந்ததால யூனிட் டூவுல ஆவி இல்லை. ஆவி இல்லாததால யூனிட் டூவுல விபத்து நடக்கலை. இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நீங்க சுத்தமா வெளிய வந்துரலாமுங்க."

"வெந்துபோய்ச் செத்தானேம்மா. அது எங்க நடந்துச்சு?"

"அது யூனிட் டூவுக்கு வெளிய இருந்து பாக்கறதுங்க."

"அப்ப யூனிட் ஒண்ணுலயா?"

"அங்க ஆவி இருந்துச்சு. ஆனா தவசி அங்க வேலை செய்யலீங்களே."

குருசாமி காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் சொன்னது பொய்யில்லை என்று ஆகும். தவசி செத்தது மட்டும் எங்கும் இல்லாமல் போகும். போடாவிட்டால் தவசி செத்தது நிற்கும். மூடியாச்சு என்று பொய் சொல்லி அவனை உள்ளே அனுப்பியவர் அவர்தான் என்பதும் நிற்கும்.

"வால்வு தொறந்துதான் இருந்துச்சுங்க" என்றார். "நான் மூடலை. மூடுனேன்னு நெனச்சேன். அப்படியே எழுதிக்கங்க. எனக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா தொறந்திருந்துச்சுன்னு எழுதுங்க."

அறையில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு மனிதன் தன்மேல் விழாத பழியை வலிய வந்து கேட்பது அநாகரிகமாகப் பட்டது.

"ஏனுங்க குருசாமி" என்றார் சேர்மன், குரலில் வருத்தத்தோடு. "இந்தக் கம்பெனில ஒரு வால்வு தொறந்திருக்குதா மூடியிருக்குதான்னு கடைசியாத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அது நான். என்ற கைக்கு மேல இங்க கையில்லை. நான் சொல்றேன், மூடித்தான் இருந்துச்சு."

"அப்ப ஒரு தடவை இப்ப மூடிக் காட்டுங்க முதலாளி."

"என்னது?"

"அவன் கீழ இருக்கான்னு நெனச்சுக்கங்க. மூடுங்க."

குழாய் அந்த அறையின் கூரைக்கு மேலாகத்தான் ஓடியது. ஆவி போகும் சத்தம், தூரத்து ரோட்டில் லாரி போவதுபோல, எப்போதும் அங்கே இருக்கும், பழகியவர்களுக்குக் கேட்காது. இப்போது எல்லோருக்கும் கேட்டது.

இளங்குமரன் லேசாக எழுந்தார். "சார், இப்ப வேண்டாமுங்க. பெங்களூர் மாத்துனதுக்கு அப்பறம் நம்ம பூஜ்யத்துக்கும் அடியில ஒண்ணு..."

"உக்காருங்க தம்பி. பாவம், கேக்கறாப்பல. மனசு ஆறட்டும்." சேர்மன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரையைத் தன் பக்கம் திருப்பி, வலது கையை உயர்த்தி, மெயின் வால்வை மூடுவதற்கான இடத்தில் அழுத்தமாக விரலை வைத்தார்.

குருசாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் குறையவில்லை. அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. இளங்குமரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழினியின் பேனா அறிக்கையின்மேல் அப்படியே நின்றது.

பதிலே வரக்கூடாத அந்தத் திரையில், மஞ்சள் எழுத்தில், 'ஆகட்டுங்க' என்று வந்தது.

சேர்மன் அதைப் படித்துவிட்டு, "நல்லதுங்க" என்றார்.